மாப்பிள்ளையின் பெட்டியோடு பொத்தேரி வரை

கடல் இல்லாத ஊரில் கிழக்கு எந்தப் பக்கம் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ தெரியவில்லை. போன மாதம் இரண்டு நாள் தாம்பரம் பக்கம் போய் வந்தேன். இரண்டு நாளும் எனக்குத் திசையே பிடிபடவில்லை. எங்கள் குப்பத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் எனக்கு அது வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவே.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான். இங்கிலீஷ் படங்களில் ஆகாயத்தில் கப்பல் ஓட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்களே, அவர்களைப் போலவே ஒரு முழ உயரத்துக்கு ஆள் செய்து விற்கிறார்கள். அதை வாங்கிச் சேர்ப்பார். பொம்மை என்று சொன்னால் அவருக்கு முகம் வாடிவிடும். 'மாடல்' என்று சொல்ல வேண்டும்.

ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து நாற்பத்து மூன்று பேரை நிறுத்தியிருக்கிறார். அந்த ஹாலில்தான் என் பாயும் தலையணையும். நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தெட்டு பேர் ஆண்கள். மூன்று பேர் பெண்கள். இரண்டு பேர் என்னவென்றே தெரியாது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படிப் புடவை மாற்றுவது? சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மிக்சிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நின்று மாற்றுவேன். ஆறு வருடமாக இப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

பொத்தேரியில் வருடம் ஒரு முறை இந்த மாடல்காரர்கள் கூடிப் போட்டி வைக்கிறார்கள். படத்தில் இருக்கிற ஆளோடு ஜாடை ஒத்துப்போகிறதா, செய்நேர்த்தி எப்படி என்று பார்த்து ஒரு கப்பு கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஐந்து வருடம் போய் ஐந்து வருடமும் வெறுங்கையோடு வந்தார். இந்த வருடம் என் மகள் தேவகிக்குப் பொறுமை போய்விட்டது.

"தோ பாருய்யா, இந்தத் தடவ ஒரு கப்பு இந்த வாசப்படி தாண்டி உள்ள வரணும். வர்லன்னா அலமாரியக் காலி பண்ணிடு. எங்கம்மா கட்டில் போட்டுப் படுக்கட்டும்" என்றாள்.

"சரி" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இன்னா சரி? நீ பாட்டுக்குக் கடையில ஒரு கப்பு வாங்கியாந்து ஜெயிச்சேன்னு சொல்லுவ. எங்கம்மா கூட வரும். அது பொய் சொல்லாது."

அது உண்மைதான். நாற்பது வருடம் மீன் விற்றேன். ஐஸ் மீனை ஐஸ் மீன் என்று சொல்லித்தான் விற்றேன். கூவி விற்கவும் எனக்கு வெட்கம். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்துக் கூடைக்காரி போடுகிற சத்தத்தைக் கேட்டு வருகிறவர்கள் என்னிடம் வாங்கிப் போவார்கள். அவளுக்கு என்மேல் இன்னும் கோபம்.

தேவகி ஒரு வாரம் முன்புதான் பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தாள். ஆக, நானும் மாப்பிள்ளையும் மட்டும் போக வேண்டும். இதில்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. இந்தக் காலத்து மாமியார்கள் மாப்பிள்ளையோடு சேர்ந்து நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நான் பழைய ஆள். "தேவகி, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வோணுமான்னு கேளு" என்பேன். இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிற அவர், "போதும்னு சொல்லு" என்பார். கல்யாணம் முடிந்து இருபத்து மூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டது. ஒரு குறையும் இல்லை. இப்போது நடுவில் தேவகி இல்லாமல் எப்படி?

முதல் நாள். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. மாப்பிள்ளை பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி என் மடியில். உள்ளே இருப்பவன் நாற்பத்து நான்காவது ஆள். போட்டிக்கு முன்னால் கண் பட்டுவிடும் என்று அவனை எங்கள் வீட்டில் யாருக்குமே காட்டவில்லை.

பாதி வழியில் எனக்குக் கவலை வந்துவிட்டது. யாரிடம் கேட்பது? பெட்டியைப் பார்த்துக் கேட்டேன்.

"பெட்டி, எறங்கற எடம் வந்தா சொல்லணும்."

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பெட்டி, இன்னும் நேரம் கீதுன்னு சொல்லு" என்றார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அதற்குப் பிறகு நன்றாகவே பேசிக்கொண்டு போனோம். தண்ணீர் வேண்டுமா என்று பெட்டி கேட்டது. வேண்டாம் என்று பெட்டியிடம் சொன்னேன். முன்சீட்டு அம்மாள் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அக்கா, உள்ள யாருக்கா கீறாங்க?"

"மாப்பிள்ளையோட ஆளு" என்றேன். அந்த அம்மாள் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் இடத்தில் பெட்டியை வைத்தோம்.

மேடவாக்கத்தில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் டயரைப் பார்த்தார், கண்டக்டர் போய்ப் பார்த்தார், பிறகு நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். யார் பார்த்தும் டயர் நிமிரவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எட்டுப் பேர், ஒரு பெட்டி. எங்கள் ஊரில் இவ்வளவு ஆளை ஒரு படகில் ஏற்றமாட்டோம்.

ராத்திரி தங்கல் அஸ்தினாபுரத்தில், மாப்பிள்ளையின் அக்கா வசந்தா வீட்டில். போட்டி காலையிலேயே ஆரம்பம் என்பதால் அப்படி ஏற்பாடு. மூன்றாவது மாடி. லிப்டில் ஏறினால் கதவு மூடி, திறந்தால் வேறு இடம். காற்று மட்டும் எந்த மாடியிலும் இல்லை. வசந்தா அன்பான பெண். நான் வருகிறேன் என்று மீன் குழம்பு வைத்திருந்தாள்.

"கடைக்குப் போய் வஞ்சிரமாப் பாத்து வாங்கினேம்மா. நீட்டா பேக் பண்ணிக் குடுத்தாங்க" என்றாள்.

பேக்கில் வெறும் துண்டங்கள். தலை இல்லை, கண் இல்லை, செவுள் இல்லை. முகமே பார்க்காமல் எப்படி ஒரு மீனை நம்பி வீட்டுக்குள் கூட்டி வருகிறார்கள்? வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. அந்த மீன் தேவகி பாத்ரூமில் விழுவதற்கு முன்பே செத்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"கொழம்பு ரொம்ப நல்லாகீதும்மா" என்றேன். அது சத்தியம். மீனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வசந்தா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, தலை நரைச்சுப் போச்சு. இன்னும் பொம்மையத் தூக்கிட்டு அலையறே. இந்தத் தடவையாவது ஜெயிப்பியா?"

"பொம்மை இல்லக்கா. இந்தத் தடவ கண்டிப்பா. கம்பெனிக்காரன் கண்ணுல ஒரு தப்பு வுட்டுருந்தான். ஒரு கண்ணு சின்னதா, கோணலா. நான் மூணு ஞாயித்துக்கெழம உக்காந்து, ஊசி மாதிரி பிரஷ்ஷு வெச்சி, ரெண்டையும் ஒண்ணா சரி பண்ணிட்டேன். இப்ப பாத்தா உயிரு கீற மாரி கீது."

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் மொட்டைமாடியில் என்ன செய்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தேவகி அவர் ஏசி ரிப்பேர் செய்கிறார் என்று நினைத்திருந்தாள்.

இரண்டாம் நாள். குரோம்பேட்டையில் ரயில் ஏறினோம். நான் பெட்டியோடு பெண்கள் பெட்டியில். அவர் அடுத்த பெட்டியில். ஏறியதும் என் கையிலிருந்த பெட்டியைச் சுற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பூக்காரப் பெண் ஒருத்தி குனிந்து மோந்து பார்த்தாள். "கருவாடா?" என்றாள். "இல்லம்மா." "கேக்கா?" "இல்ல." "பின்ன இன்னாத்துக்கு இப்படிக் கட்டிப் புடிச்சிகினு கீற?" ஆகாயத்தில் கப்பல் ஓட்டுகிறவன் என்று எப்படிச் சொல்வது?

தாம்பரத்தில் எல்லோரும் எழுந்தார்கள். பூக்காரி இறங்கினாள், கல்லூரிப் பெண்கள் இறங்கினார்கள், இத்தனை பேர் இறங்குகிறார்களே, ரயில் இதற்கு மேல் போகாது போலிருக்கிறது என்று நானும் இறங்கினேன். ரயில் போய்விட்டது. ஜன்னலில் மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. வாயைத் திறந்தார். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. திறந்த வாயோடே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. தேவகி.

"ம்மா, அவரு போன் பண்ணாரு. அங்கியே நில்லுன்னு சொல்றாரு. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி திரும்பி வர்றாராம்."

"சரின்னு சொல்லு."

இரண்டு நிமிடத்தில் மறுபடி அடித்தது. "பெட்டி பத்திரமா கீதான்னு கேக்கறாரு."

"கீதுன்னு சொல்லு."

"சாய்க்காம வெச்சிகினியான்னு கேக்கறாரு. ஒன்னப் பத்தி ஒண்ணும் கேக்கலம்மா."

நான் தாம்பரம் ஸ்டேஷனை நன்றாகப் பார்த்தேன். எவ்வளவு கூட்டம்! எல்லோரும் ஓடுகிறார்கள். திருவிழா என்றாலாவது ஓடிப் போய்ச் சேருகிற இடத்தில் சாமி இருக்கும். இங்கே ஓடிப் போய் இன்னொரு ரயிலில் ஏறிக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் நிதானமாக நின்று சுடச்சுட வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல வடை.

மறுபடி போன். "ம்மா, அவரு வந்துட்டாராம். திரும்பிப் பாரு."

திரும்பினேன். இரண்டு தூண் தள்ளி, காதில் போனை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். கான்பரன்ஸ் போட்டிருந்தார்கள் போல.

"பாத்துட்டேன்னு சொல்லு" என்றேன்.

"கூட வரச் சொல்லு" என்றார் அவர்.

"ரெண்டு பேரும் எங்க நிக்கிறீங்க?" என்றாள் தேவகி.

"எதுர எதுரதான்."

"அடப்பாவிங்களா!" போனை வைத்துவிட்டாள்.

பொத்தேரி முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். ஒரு கடையில் கறியைத் தூண் மாதிரி நிறுத்திச் சுற்ற விட்டிருந்தார்கள். ஒருவன் அதைச் சவரம் செய்வது போல வழித்து வழித்து ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தான். போட்டி ஒரு சின்ன கல்யாண மண்டபத்தில். மணமேடையில் வாழை மரத்துக்குப் பதில் வெள்ளித் தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நான் கடைசி வரிசையில் தூண் மறைவில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மூன்று நடுவர்களில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்காதவராக இருக்க வேண்டும். "படம் பாத்தவன் மனசுல இருக்கறதப் பாப்பான். பாக்காதவங்கதான் எதிர்ல இருக்கறதப் பாப்பாங்க" என்று விளக்கினார் சங்கத் தலைவர் பிரபாகர் சார். ஒவ்வொரு வருடமும் கீழே இருக்கிற டீக்கடைக்காரர்தான் அந்த நடுவராம். அன்றைக்கு அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பிரபாகர் சார் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். தூண் பின்னால் என் முந்தானை தெரிந்துவிட்டது.

"அம்மா, நீங்க இந்த மாதிரி படம் ஏதாவது பாத்திருக்கீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "சார், வேணாம். அவங்க என் மாமியாரு."

"உங்க மாடலப் பாத்திருக்காங்களா?"

"என் மூஞ்சியே பாத்ததில்ல சார்."

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் பிரபாகர் சார் என் கைக்கு வெள்ளை உறை மாட்டிவிட்டார். நாற்பது வருடம் வெறுங்கையால் மீன் அறுத்தவளுக்கு!

ஆறு பேரை ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஆறும் ஒரே ஆள்தான்: வயசான கப்பல் தலைவன், கக்கத்தில் ஹெல்மெட். யாருடையது எது என்று தெரியாதபடி நம்பர் மட்டும். பின்னால் சுவரில் படத்தில் இருக்கும் நிஜ ஆளின் முகம், கதவு அகலத்துக்குப் போட்டோ. மற்ற இரண்டு நடுவர்களும் முன்பே மார்க் போட்டிருந்தார்கள். ஒருவருக்கு இரண்டாம் நம்பர், இன்னொருவருக்கு நான்காம் நம்பர். ஆக, என் வாயில்தான் கப்பு.

எனக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். முதல் ஆளைத் தூக்கி வயிற்றை அழுத்திப் பார்த்தேன். காதோரம் நகத்தை விட்டுச் செவுளைத் திறக்கப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர், "ஐயோ, அம்மா, அது லிமிட்டெட் எடிஷன்!" என்று அலறினார். மோந்து பார்த்துவிட்டு வைத்தேன். முகம் மெழுகு; கல்யாண ரிசப்ஷனில் பவுடர் அப்பி நிறுத்தின ஆள் மாதிரி. மூன்றாவது ஆளுக்குக் கழுத்து இல்லை. ஐந்தாவது ஆளுக்குக் கை ரொம்பச் சின்னது. அந்தக் கையால் ஒரு கயிறுகூட இழுக்க முடியாது. ஆறாவது ஆள் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி இருந்தான். போட்டோவில் இருப்பவன் அடி வாங்கினவன்.

இரண்டாவது ஆளின் காலடியில் ஒரு சீட்டு இருந்தது. பிரபாகர் சார் படித்துச் சொன்னார். "இடது கண் சின்னதாக இருப்பது கம்பெனியின் தவறு, மன்னிக்கவும்." நான் போட்டோவைப் பார்த்தேன். அந்த ஆளுக்கும் இடது கண் சின்னதுதான். நாலு நாள் கடலில் வெயிலைப் பார்த்துக்கொண்டே வருகிறவனுக்கு ஒரு கண் அப்படித்தான் சுருங்கிப்போகும். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்.

நான்காவது ஆளைத் தூக்கினேன். என்ன நேர்த்தி! தையல் சுத்தம், பெல்ட்டின் வார் சுத்தம், கை நரம்புகூடத் தெரிந்தது. கண் மட்டும் இரண்டும் ஒரே அளவு, பளபளவென்று. மோந்து பார்த்தேன். உடம்பில் பழைய வாசனை. கண்ணில் புது வாசனை. கெட்டுப்போன மீனின் செவுளுக்குச் சாயம் பூசிக் கொண்டு வருவார்கள். ஆனால் இது நல்ல மீன். நல்ல மீனுக்கு யார் சாயம் பூசுவார்கள்?

ஊசி மாதிரி பிரஷ். மூன்று ஞாயிற்றுக்கிழமை.

அவனை இறக்கி வைத்தேன். நான்கு நல்லது என்றால் கப்பு அவருக்கு. இல்லையென்றால் அலமாரி காலி, எனக்குக் கட்டில், ஹாலிலேயே புடவை மாற்றலாம். எப்படிச் சொன்னாலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. நிமிர்ந்தேன். மாப்பிள்ளை முன்வரிசையில் வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். வீட்டில் கல்யாணப் போட்டோ இருக்கிறது. அதோடு வைத்துப் பார்த்தால் ஜாடை ரொம்பக் குறைவு. தரம் பரவாயில்லை.

மைக்கை வாயருகே நீட்டினார்கள்.

"நாலாவது ஆளுதான் ஆறு பேர்லயும் நல்ல ஆளு" என்றேன். மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். "ஆனா கண்ணு இவன் கண்ணு இல்ல. அது மொதல்லயே சரியா இருந்த கண்ணு. யாரோ ரொம்ப ஆசையா சரி பண்ணிகீறாங்க. அந்த போட்டோவப் பாருங்க. ரெண்டாவது ஆளுதான் அவன்."

மண்டபமே போட்டோவைப் பார்த்தது. பிரபாகர் சார் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தார். "இருபது தடவை பாத்திருக்கேன் இந்தப் படத்தை" என்று முனகினார். இரண்டாம் நம்பருக்குச் சொந்தக்காரி, கண்ணாடி போட்ட ஒரு பெண், ஓடி வந்து அந்த மன்னிப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டாள். மாப்பிள்ளை மெதுவாக உட்கார்ந்தார்.

திரும்பும்போது பெட்டி பேசவில்லை. பொத்தேரியில் பேசவில்லை, ரயிலில் பேசவில்லை. தாம்பரத்தில் பஸ் ஏறி, பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பேரும் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு வந்தோம். வெகு நேரம் கழித்து,

"அத்தே" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது.

"அது என்னுதுன்னு தெரிஞ்சா சொன்னீங்க?"

பெட்டியைப் பார்த்தேன். இந்த விஷயத்தைப் பெட்டியிடம் சொல்ல மனம் வரவில்லை. "தெரியும் மாப்ளே. தெரிஞ்சதாலதான் ஆசையா பண்ணாங்கன்னு சொன்னேன்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நாளைக்கு அலமாரியக் காலி பண்ணிடறேன். ஒங்களுக்குக் கட்டில் வந்துரும்."

"கட்டிலு கெடக்கட்டும். அலமாரிக்கு ஒரு துணி போட்டுக் குடுங்க. திரை மாரி."

"காலி அலமாரிக்கு இன்னாத்துக்கு அத்தே திரை?"

"போடுங்களேன். பொடவ மாத்த முடியல. எல்லாரும் பாக்கறாங்க."

"யாரு?"

"முப்பத்தெட்டு பேரு."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டில் தேவகி கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னாச்சு?" என்றாள். மாப்பிள்ளை அலமாரியின் சாவியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். நான் வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்து, கைப்பையிலிருந்து கப்பை எடுத்து அவள் மடியில் வைத்தேன். மண்டபத்தில் என் பையில் அவர்கள் போட்டது. மாப்பிள்ளை அந்த நேரம் பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது.

தேவகி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல நடுவர்னு போட்டுகீது?"

"ஆமா."

"அப்ப இது அவரு ஜெயிச்சது இல்ல."

"இல்ல. அவரு தோத்துட்டாரு. நான்தான் தோக்கடிச்சேன்."

"பின்ன?"

"ஒரு கப்பு வாசப்படி தாண்டி உள்ள வரணும்னுதானே சொன்ன? வந்துகீது."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள். "பெத்தவளே இப்படிப் பண்ணா நான் எங்க போவேன்!" என்று சாவியைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். எறிந்துவிட்டுச் சிரித்தாள்.

இப்போது அலமாரிக்கு நீலத் திரை இருக்கிறது. உள்ளே நாற்பத்து நான்கு பேர், நடுவில் என் கப்பு. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சை நனைத்துத் தான் பூசின சாயத்தைத் தானே துடைத்து எடுக்கிறார். கோணல் கண் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். குறை இருந்தால் நேராகவே சொல்லிவிடுகிறேன். "மாப்ளே, இங்க இன்னும் சாயம் கீது பாருங்க" என்பேன். அதில் எனக்குக் கூச்சம் போய்விட்டது. நல்லதைச் சொல்லத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு கண் முழுசாக வந்துவிட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். பெட்டி மூலையில் இருந்தது.

"பெட்டி, ரொம்ப நல்லா வந்துகீதுன்னு அவராண்ட சொல்லு" என்றேன்.